லோடு ஏறினா மட்டும் ரீஸ்டார்ட்: எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போச்சா, கனெக்டர் லூஸா?

#1 கரிசல்காடு

வணக்கம். அசெம்பிள் பண்ணி நாலு நாள் ஆன சிஸ்டம். கேம் ஆரம்பிச்சு 5 முதல் 15 நிமிஷத்துக்குள்ள திரை கருப்பாகி, தானா ரீஸ்டார்ட் ஆகுது. பிரவுசர், வீடியோ, எக்செல் எல்லாம் நாள் முழுக்க ஓடுது, அதுல எந்தக் குறையும் இல்ல.

பாகங்கள்: ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 சிப்செட் மைக்ரோ ஏடிஎக்ஸ் (சின்ன அளவு) மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ரெண்டு, ரேடியான் ஆர்எக்ஸ் 7700 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 750 வாட் கோல்டு ஃபுல் மாடுலர் (கேபிள் எல்லாம் தனியா கழட்டி மாட்டுற) எஸ்எம்பிஎஸ், கேபினெட் ஃபேன் நாலு.

இதுவரை செஞ்சது: எக்ஸ்போ (ரேமை வேகமா ஓட்டுற செட்டிங்) ஆஃப் பண்ணி ரேமை சாதா வேகத்துல ஓட்டிப் பார்த்தாச்சு. டிஸ்ப்ளே டிரைவரை முழுசா எடுத்துட்டு மறுபடி போட்டாச்சு. ப்ராசஸர் 68 டிகிரி, கார்டு 71 டிகிரி தாண்டல. விண்டோஸ் பிழை காட்டுற நீலத்திரை வரல. ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸோட பதிவேடு) கெர்னல்-பவர் 41 மட்டும் வரிசையா இருக்கு. எஸ்எம்பிஎஸ்ஸை வாரன்ட்டிக்கு அனுப்பிடலாமா?

#2 இரவுப்பறவை

அந்தக் கார்டு 245 வாட், ப்ராசஸர் முழு லோடுல 90 வாட் சுத்தி. 750 வாட் தாராளம். வாட் பத்தலைங்கிற பேச்சுக்கே இடமில்ல. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஒரு முழு சுற்று ஓட்டிட்டு, பிழை இல்லன்னா எஸ்எம்பிஎஸ்தான்னு நினைக்கிறேன்.

#3 மில்லிஓம்

இப்போ அனுப்பாதீங்க. சர்வீஸ்ல பெரும்பாலும் டெஸ்டர்ல சொருகிப் பார்ப்பாங்க, எல்லா வோல்டேஜும் சரியா காட்டும், திரும்பி வந்துடும். அந்த டெஸ்டர்கள் கிட்டத்தட்ட லோடே இல்லாம அளக்குறவை. உங்களுக்குப் பிரச்சனை வர்றதே லோடு ஏறும்போதுதான்.

கெர்னல்-பவர் 41-ஐ வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. போன தடவை விண்டோஸ் முறையா அணையல, அவ்வளவுதான் அது சொல்ற சேதி. அதைத் திறந்து டீடெயில்ஸ் பகுதியில பக்செக் கோடு (விண்டோஸ் கிராஷ் ஆனா பதியுற பிழை எண்) என்னன்னு பாருங்க. 0-ன்னு இருந்தா, விண்டோஸுக்குத் தெரியாமலே போர்டு ரீசெட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒண்ணு. திரை கருப்பாகுற அந்த நொடியில ஃபேன் எல்லாம் முழுசா நின்னு மறுபடி சுத்துதா, இல்ல நிக்காமலே லோகோ வருதா? மொபைல்ல வீடியோ எடுத்துப் பார்த்துச் சொல்லுங்க. எஸ்எம்பிஎஸ் தன்னோட பாதுகாப்புக்காக ட்ரிப் ஆனா வழக்கமா அப்படியே அணைஞ்சு கிடக்கும். பின்பக்க ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ற வரைக்கும் எழாது. தானா ரீஸ்டார்ட் ஆகுறது வேற வகை.

#4 கரிசல்காடு

வீடியோ எடுத்துப் பார்த்தேன். ஃபேன் நிக்கல. வேகம் மட்டும் ஒரு கணம் ஏறி இறங்குது, உடனே போர்டு லோகோ வருது. பக்செக் கோடு எல்லாப் பதிவுலயும் 0.

#5 மில்லிஓம்

அப்போ எஸ்எம்பிஎஸ் அணையல, போர்டுதான் ரீசெட் ஆகுது. இனி சந்தேகப்பட வேண்டியது எஸ்எம்பிஎஸ்ல இருந்து போர்டுக்கு வர்ற பெரிய 24 பின் கனெக்டர். எந்தப் பின் சரியா தொடலையோ அதுக்கேத்த மாதிரிதான் கோளாறு வெளிய தெரியும். பின் எண்ணோட சொல்றேன்.

ஊதா, பின் 9: ஸ்டாண்ட்பை 5 வோல்ட். இது தொடலன்னா போர்டுல ஒரு விளக்குகூட எரியாது, பவர் பட்டன் செத்த மாதிரி இருக்கும்.

பச்சை, பின் 16: எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புற கம்பி. இது தொடலன்னா ஸ்டாண்ட்பை விளக்கு எரியும், ஆனா பட்டனை அமுக்கினா ஒண்ணும் நடக்காது. ஓடும்போது விட்டுப் போனா மொத்தமா அணைஞ்சிடும்.

சாம்பல், பின் 8: "வோல்டேஜ் எல்லாம் நிலைக்கு வந்தாச்சு"ன்னு எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்ற சிக்னல். வோல்டேஜ் நிலைக்கு வந்த பிறகு 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள்ள வரணும். அது வர்ற வரைக்கும் போர்டு ப்ராசஸரை ரீசெட்லயே பிடிச்சு வெச்சிருக்கும். ஓடும்போது ஒரு கணம் விட்டாலும் ரீசெட்.

மஞ்சள், பின் 10, 11: இங்கதான் பலரும் கோட்டை விடுறாங்க. 24 கம்பி இருக்கே, ஒண்ணு விட்டா என்னன்னு தோணும். ஆரஞ்சு 3.3 வோல்ட்டுக்கு நாலு பின், சிவப்பு 5 வோல்ட்டுக்கு அஞ்சு பின் இருக்கு. ஆனா 12 வோல்ட் வர்றது ரெண்டே ரெண்டு மஞ்சள்லதான். ப்ராசஸருக்கு தனி 8 பின், கார்டுக்குத் தனி கேபிள் இருக்கலாம். கார்டு ஸ்லாட்டுக்குப் போற 12 வோல்ட் இந்த ரெண்டு கம்பி வழியாத்தான் வரணும். ஸ்லாட்ல இருந்து கார்டு 12 வோல்ட்ல 5.5 ஆம்பியர் வரை இழுக்க அனுமதி உண்டு. கேபினெட் ஃபேன்களும் பெரும்பாலான போர்டுகள்ல இதே வழிதான்.

2003-ல ஏடிஎக்ஸ்12வி 2.0 வந்தப்போதான் பழைய 20 பின்னோட நாலு பின் சேர்ந்து 24 ஆச்சு. அந்த நாலு பின் 11, 12, 23, 24. அதாவது ரெண்டாவது மஞ்சள் இருக்கிறதே அந்த நாலுக்குள்ளதான். உங்க கேபிள் 20+4-னு பிரியற வகையா இருந்து, அந்த 4 மட்டும் சரியா இறங்கலன்னா, 12 வோல்ட் சுமை மொத்தமும் பின் 10 தலையில விழும். சாதா வேலைக்கு அது தாங்கும். கேம் ஓட்டினா தாங்காது.

பின் 20 காலியா இருந்தா பயப்பட வேண்டாம், அது முந்தி மைனஸ் 5 வோல்ட் வந்த இடம், இப்போ பயன்பாட்டுல இல்ல. பின் 13-ல ரெண்டு கம்பி சேர்ந்து நுழைஞ்சாலும் சரிதான். அதுல ஒண்ணு வோல்டேஜை உணர்றதுக்கானது.

#6 செம்புக்கம்பி

கழட்டாம, அமுக்காம, முதல்ல பார்க்க மட்டும் செய்யுங்க. டார்ச்சை பக்கவாட்டுல வெச்சு, மொபைல் கேமராவை கனெக்டர் மட்டத்துக்கு இறக்கி, போர்டு சாக்கெட்டோட விளிம்புக்கும் கேபிள் கனெக்டரோட தோளுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் படம் எடுங்க. மேல் முனையையும் கீழ் முனையையும் தனித்தனியா எடுத்து ஒப்பிடணும். ரெண்டு முனையிலயும் இடைவெளி ஒண்ணா இருக்கணும்.

"டக்"னு சத்தம் கேட்டுச்சு, அதனால மாட்டிடுச்சுன்னு நம்பிடாதீங்க. கொக்கி இருக்கிறது கனெக்டரோட நடுப்பகுதியில. நடு இறங்கினா கொக்கி விழுந்துடும், சத்தமும் வரும், அப்பவும் ஒரு முனை தூக்கிட்டு நிக்கலாம். 20+4 வகையில +4 துண்டுக்குப் பெரும்பாலும் சொந்தக் கொக்கியே கிடையாது. 20-ஓட பக்கத்துல இருக்கிற சின்ன வரப்புல மாட்டிக்கிட்டு, அதோட சேர்ந்து இறங்கணும். அந்த வரப்புல கோக்காம ரெண்டையும் ஒண்ணா பிடிச்சு அமுக்கினா, 20 இறங்கும், 4 சரிஞ்சு நிக்கும்.

இன்னொண்ணு: உங்களது மைக்ரோ ஏடிஎக்ஸ். இதுல அகலம் குறைஞ்ச போர்டுகளுக்கு வலது ஓரத்துல ஸ்க்ரூ போட இடமே இருக்காது, போர்டு அந்தரத்துல நிக்கும். 24 பின் சாக்கெட் அந்த ஓரத்துலதான் இருக்கு. அமுக்குற வேகத்துல போர்டு வளைஞ்சு கொடுத்துடும், கையில "இறங்கிடுச்சு"ங்கிற உணர்வு வந்துடும். கையை எடுத்ததும் போர்டு நிமிர்ந்து கனெக்டர் பழைய இடத்துக்கே வந்திருக்கும்.

#7 கரிசல்காடு

நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. மேல் முனையில இடைவெளி தெரியவே இல்ல. +4 பக்கம் ஒண்ணரை மில்லிமீட்டர் போல தெரியுது, துண்டு லேசா வெளிப்பக்கமா சாய்ஞ்சிருக்கு. போர்டோட வலது ஓரத்துல ஸ்க்ரூவும் இல்ல. அமுக்கி விட்டுடட்டுமா?

#8 மில்லிஓம்

ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. இப்பவே அமுக்கிட்டா, நாளைக்கு மறுபடி ரீஸ்டார்ட் ஆச்சுன்னா இதுதான் காரணமா வேற ஏதாவதான்னு தெரியாம நிப்போம். கோளாறு இருக்கும்போதே அளந்து வெச்சுக்கணும்.

மல்டிமீட்டர்ல பீப் சத்தம் வர்ற கன்டினியுட்டி வெச்சு லூஸ் கான்டாக்ட் கண்டுபிடிக்க முடியாது. பல ஓம் இருந்தாலும் அது பீப் அடிக்கும். நாம தேடுறது 0.1 ஓம் மாதிரி ஒரு அளவு. மீட்டரோட ரெண்டு வயரைச் சேர்த்தாலே 0.2, 0.3-னு காட்டும். அதனால ரெசிஸ்டன்ஸை அளக்காதீங்க, கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு விழுதுன்னு அளங்க.

கனெக்டருக்குப் பின்னால, மஞ்சள் கம்பி நுழையுற ஓட்டையில மீட்டர் முனையை வெச்சா, எஸ்எம்பிஎஸ் அனுப்புற வோல்டேஜ் தெரியும். ஆனா லூஸா இருக்கிற இடம் அதுக்கு அடுத்தது, கேபிள் டெர்மினலும் (கனெக்டருக்குள்ள இருக்கிற உலோகக் கூடு) போர்டு பின்னும் தொடுற இடம். அதனால போர்டு பக்கமும் ஒரு புள்ளி வேணும். அதுக்கு வசதியானது கேபினெட் ஃபேன் ஹெட்டர் (ஃபேனை மாட்டுற போர்டு பின்கள்). 4 பின் ஃபேன் ஹெட்டர்ல பின் 1 கிரவுண்ட், பின் 2 12 வோல்ட். பயோஸ்ல அந்த ஹெட்டரை பிடபிள்யுஎம் மோடுக்கு மாத்துங்க. டிசி மோடுல விட்டா வேகத்துக்குத் தக்கபடி வோல்டேஜ் மாறி உங்களைக் குழப்பும். ஹெட்டர் பின்ல நேரா முனையை வெக்காதீங்க, கை ஒரு மில்லிமீட்டர் நழுவினா 1-ம் 2-ம் ஷார்ட் ஆகும். ஃபேன் ஸ்ப்ளிட்டர் (ஒரு ஹெட்டரை ரெண்டாப் பிரிக்கிற கேபிள்) ஒண்ணை மாட்டி அதோட காலி முனையில அளங்க.

ஓசிசிடி-ங்கிற சோதனை சாஃப்ட்வேர்ல பவர் டெஸ்ட் இருக்கு, ப்ராசஸரையும் கார்டையும் சேர்த்து ஏத்தும். அதை ஓடவிட்டு மூணு அளவு எடுங்க. மஞ்சள் கம்பிப் பின்பக்கம், ஸ்ப்ளிட்டர் முனை, மூணாவதா, சிவப்பு முனையை மஞ்சள் கம்பியிலயும் கருப்பு முனையை ஸ்ப்ளிட்டரோட 12 வோல்ட் பின்லயும் வெச்சு, ரெண்டுக்கும் நடுவுல விழுற வோல்டேஜ். மூணாவதுதான் நேரடி சாட்சி.

மீட்டர் இல்லாதவங்க எச்டபிள்யு இன்ஃபோ சாஃப்ட்வேர் காட்டுற 12 வோல்ட் அளவைப் பார்க்கலாம். அது போர்டுக்குள்ள அளக்குற அளவு. சில போர்டுகள்ல துல்லியம் குறைவு, ஆனா லோடு இல்லாதப்பவும் லோடுலயும் எவ்வளவு இறங்குதுன்னு காட்டும். 12 வோல்ட்டுக்கு அனுமதி 5 சதவீதம், அதாவது 11.40-க்குக் கீழ போகக்கூடாது.

#9 கரிசல்காடு

அளந்தாச்சு.

லோடு இல்லாம: கம்பிப் பக்கம் 12.11, ஸ்ப்ளிட்டர்ல 12.03.
ஓசிசிடி ஓடும்போது: கம்பிப் பக்கம் 12.06, ஸ்ப்ளிட்டர்ல 11.38. ரெண்டுக்கும் நடுவுல நேரா 0.66 முதல் 0.70 வரை ஆடுது.
நாலாவது நிமிஷம் ரீஸ்டார்ட் ஆயிடுச்சு. +4 பக்கம் கனெக்டரைத் தொட்டா சுடுது, மறு முனை சூடில்ல.

#10 மில்லிஓம்

இதுக்கு மேல சந்தேகமில்ல. உங்க எஸ்எம்பிஎஸ் நல்லாவே இருக்கு, கம்பி வரைக்கும் 12.06 கொண்டுவந்து கொடுக்குது. போர்டுக்குப் போய்ச் சேரும்போது 0.68 வோல்ட் காணாமப் போகுது.

கணக்கு போட்டா: சுமார் 5 ஆம்பியர் ஓடுதுன்னு வெச்சா, 0.68-ஐ 5-ஆல வகுத்தா 0.136 ஓம். சரியா உக்கார்ந்த ஒரு பின்னுக்கு 0.01 ஓம்கூட இருக்கக்கூடாது. காணாமப்போன வோல்டேஜ் எல்லாம் சூடாத்தான் மாறும்: 0.68-ஐ 5-ஆல பெருக்கினா 3.4 வாட். அரிசி அளவு உலோகத்துல 3.4 வாட். உங்க விரல்ல சுட்டது அதுதான். மீட்டர் காட்டுறது சராசரி. கார்டு ஒரு மில்லிசெகண்டுக்குத் திடீர்னு அதிகமா இழுக்கும்போது வோல்டேஜ் 11.38-க்கும் கீழ இறங்கும், போர்டு ரீசெட் ஆகும்.

கேம் திறந்ததும் வராம 5 நிமிஷம் கழிச்சு வர்றதுக்கும் இதே காரணம்தான். சூடு ஏறினா டெர்மினலோட ஸ்பிரிங் இறுக்கம் தளரும், இறுக்கம் தளர்ந்தா ரெசிஸ்டன்ஸ் ஏறும், அது இன்னும் சூடாக்கும். இப்படியே பல மாசம் விட்டிருந்தா பிளாஸ்டிக் பழுப்பாகி, போர்டு சாக்கெட்டும் சேர்ந்து கெட்டிருக்கும். நாலு நாள்ல பிடிச்சது நல்லது.

இப்போ கழட்டுங்க. எஸ்எம்பிஎஸ் பின்பக்க ஸ்விட்ச் ஆஃப், சுவர்ல இருந்து பிளக்கையும் எடுத்துடுங்க. பவர் பட்டனை 10 செகண்ட் அமுக்கிப் பிடிங்க, போர்டு விளக்கு முழுசா அணையணும். கொக்கியோட மேல் நுனியை அமுக்கினாத்தான் கீழ் நுனி விலகும். அமுக்கிக்கிட்டே பிளாஸ்டிக்கைப் பிடிச்சு மேலயும் கீழயும் லேசா ஆட்டி இழுங்க. கம்பியைப் பிடிச்சு இழுக்கவே கூடாது.

கையில வந்ததும் அப்படியே திரும்ப மாட்டிடாதீங்க, டெர்மினலைப் பாருங்க. அது எப்படின்னு செம்புக்கம்பி அண்ணன் விவரமா சொல்லுவார்.

#11 செம்புக்கம்பி

சொல்றேன். கேபிள் கனெக்டருக்குள்ள ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு சின்ன உலோகக் கூடு இருக்கும், அதுதான் டெர்மினல். அதோட ரெண்டு பக்கமும் மீன்முள் மாதிரி சின்ன நாக்கு வெளிய நீட்டியிருக்கும். அந்த நாக்கு பிளாஸ்டிக் படியில மாட்டியிருக்கிறதாலதான் டெர்மினல் பின்னால வராம நிக்குது. கனெக்டரைச் சாய்வா அமுக்கினா போர்டு பின் டெர்மினலுக்குள்ள போகாம அதைப் பின்னுக்குத் தள்ளும். நாக்கு மடங்கி, டெர்மினல் கம்பியோட சேர்ந்து பின்வாங்கிடும். அதுக்கப்புறம் கனெக்டர் எவ்வளவு அழகா உக்கார்ந்தாலும் உள்ள உலோகம் தொடாது. வெளியிலிருந்து பார்த்தா எல்லாம் சரியா தெரியறதால இதைத்தான் நான் ரொம்ப மோசமான வகைன்னு சொல்வேன்.

கனெக்டரோட முகத்தை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, எல்லா டெர்மினலும் ஒரே ஆழத்துல இருக்கான்னு பாருங்க. ஒண்ணு மட்டும் உள்ள இருட்டுல தள்ளி இருந்தா அதுதான். அடுத்து ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியா, பூப் பறிக்கிற அழுத்தத்துல இழுத்துப் பாருங்க. அரை மில்லிமீட்டர் அசைவு இயல்பு. ரெண்டு மில்லிமீட்டர் வந்தா நாக்கு மாட்டல. கம்பியோட சேர்த்து முன்னால தள்ளுங்க, மாட்டினா சின்னதா ஒரு "டிக்" கையில தெரியும். திரும்ப இழுத்தா நிக்கணும். நிக்கலன்னா நாக்கு தட்டையாகியிருக்கு.

ஓட்டையோட பிளாஸ்டிக் பழுப்பா, உருகின மாதிரி இருந்தா அந்தக் கேபிளைத் திரும்ப மாட்டாதீங்க. போர்டு சாக்கெட்ல பின்கள் வெள்ளி நிறமா பளபளன்னு இருக்கணும். ஒண்ணு மட்டும் மங்கி நீலம் ஓடியிருந்தா படம் போடுங்க.

#12 கரிசல்காடு

பின் 10 சரியா இருக்கு, பழுப்பு இல்ல. பின் 11 மஞ்சள் உள்ள தள்ளி இருந்துச்சு, இழுத்தா கம்பியோட ரெண்டு மில்லிமீட்டர் வருது. முன்னால தள்ளினா போகுது, ஆனா நிக்கல. +4 துண்டு வரப்புல கோக்காமத்தான் இருந்திருக்கு. சாக்கெட் பின்கள் எல்லாம் பளிச்சுன்னு இருக்கு.

#13 செம்புக்கம்பி

நாக்கு தட்டை. டெர்மினலை வெளிய எடுத்து, ஊசி முனையால நாக்கை நிமிர்த்தித் திரும்ப சொருகலாம், அதுக்குன்னு ரெண்டு பல் கருவி கிடைக்கும். ஆனா ஒரு தடவை மடங்கின நாக்கு முன்னளவு பிடிக்காது. வாரன்ட்டி இருக்கும்போது அந்த வேலை வேண்டாம். எஸ்எம்பிஎஸ் கம்பெனிகிட்ட அதே மாடலுக்கான 24 பின் கேபிளை மட்டும் கேளுங்க, மாடுலர்ங்கறதால எஸ்எம்பிஎஸ்ஸை அனுப்பவே வேண்டியதில்ல. அதுவரைக்கும் கேம் வேண்டாம். சாதா வேலைக்கு ஓட்டலாம்.

#14 பாலைக்காற்று

குறுக்க வர்றேன். என்கிட்ட வேற பிராண்ட் மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸோட 24 பின் கேபிள் சும்மா கிடக்கு. தற்காலிகமா இவர் அது மாதிரி ஒண்ணை மாட்டிக்கலாமே?

#15 மில்லிஓம்

கூடவே கூடாது. போர்டு பக்கம் இருக்கிற 24 பின்னுக்குத்தான் ஸ்டாண்டர்டு உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொது விதி எதுவும் இல்ல. ஒரே கம்பெனியோட ரெண்டு வரிசையிலயே பின் வரிசை மாறும். பார்க்க ஒண்ணா இருக்கும், சொருகினா போகும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்துல 12 வோல்ட் வரும். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் ஒரே நொடியில போனதுக்கு நிறைய பேரோட அனுபவம் சாட்சி. பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழட்டினா கேபிளையும் அதோட சேர்த்துக் கட்டி வைங்க, தனியா விடாதீங்க.

மாடுலர் வெச்சிருக்கிற எல்லாருக்கும் ஒண்ணு: லூஸ் கான்டாக்ட் எஸ்எம்பிஎஸ் பக்க முனையிலயும் இருக்கலாம். கேபினெட்டுக்குள்ள கை போகாத இடம்ங்கறதால அங்கதான் அரைகுறையா நிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை உள்ள வைக்கிறதுக்கு முன்னாடியே, மேசை மேல வெச்சு கேபிள்களை மாட்டி, கொக்கி விழுந்ததைக் கண்ணால பார்த்துட்டு அப்புறம் உள்ள தள்ளுங்க.

#16 முத்துநகர்

இதே இழையிலயே கேட்டுடறேன். எனக்கு ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரவே இல்ல. போர்டுல சிபியு விளக்கு சிவப்பா எரியுது. 24 பின் ரெண்டு முனையும் சமமா இருக்கு. ரைசன் 5 8500ஜி, புது போர்டு.

#17 செம்புக்கம்பி

போர்டோட இடது மேல் மூலையில இருக்கிற ப்ராசஸர் 8 பின்னைப் பாருங்க. அது 4+4-ஆ வரும். ரெண்டு பாதியையும் ஒட்டிப் பிடிச்சு ஒரே தள்ளல்ல இறக்கணும். மேல் ஃபேனோ ரேடியேட்டரோ மாட்டின பிறகு அங்க விரல் நுழையாது, அதனால பாதி இறங்கின நிலையிலயே விட்டுட்டுப் போறது அடிக்கடி நடக்கும். மேல் ஃபேனைக் கழட்டிட்டுத் திரும்ப மாட்டுங்க.

நீங்க கார்டுக்கான 6+2 கேபிளை அங்க சொருகப் பார்க்கலைன்னு உறுதி பண்ணிக்கோங்க. 4+4 ஆ நடுவுல பிரிஞ்சா அது ப்ராசஸருக்கு. 6+2 ஆ பிரிஞ்சா கார்டுக்கு. ரெண்டுலயும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் வரிசையில இருக்கும். ஓட்டைகளோட வடிவம் வேற, அதனால சரியா போகாது. போகலன்னா பலம் காட்டாதீங்க.

உங்க ப்ராசஸருக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டுங்கறதால இன்னொண்ணு. எரியறது சிபியு விளக்கு இல்லாம டிரேம் (ரேம்) விளக்கா இருந்தா, முதல் தடவை ஆன் பண்ணும்போது டிடிஆர்5 மெமரி ட்ரெயினிங் (போர்டு ரேமுக்கு ஏத்தபடி தன்னை அமைச்சுக்கிறது) பல நிமிஷம் எடுக்கும். 15 நிமிஷம் தொடாம விடுங்க. நடுவுல ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்ப முதல்ல இருந்து தொடங்கும்.

#18 முத்துநகர்

8 பின்ல ஒரு பாதி தூக்கிட்டு இருந்துச்சு. ஃபேனைக் கழட்டி இறக்கினேன். டிரேம் விளக்கு நாலு நிமிஷம் எரிஞ்சு, டிஸ்ப்ளே வந்துடுச்சு. நன்றிண்ணா.

#19 இரவுப்பறவை

எஸ்எம்பிஎஸ்தான்னு நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். புது கிராபிக்ஸ் கார்டுகளுக்கு வர்ற இந்த 12 வோல்ட் 16 பின் கனெக்டர் உருகுற விஷயமும் இதே லூஸ் கான்டாக்ட்தானா? ஆர்டிஎக்ஸ் 5090 வாங்குற யோசனை இருக்கு.

#20 மில்லிஓம்

அடிப்படை ஒண்ணுதான், ஆனா அங்க மன்னிப்பு ரொம்பக் குறைவு. கணக்கைப் பாருங்க.

பழைய 8 பின் கார்டு கனெக்டர் 150 வாட். 12 வோல்ட்ல 12.5 ஆம்பியர், மூணு பின்ல பிரிஞ்சா ஆளுக்கு 4.2 ஆம்பியர். அந்தப் பின் அதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தாங்கும். ஒண்ணு லூஸானாலும் மத்த ரெண்டும் சமாளிச்சுடும்.

5090-ஓட 575 வாட்டுக்கு 48 ஆம்பியர். ஆறு பின்ல பிரிஞ்சா ஆளுக்கு 8. ஒரு பின்னோட வரம்பு 9.5. ரெண்டு பின் சரியா தொடலன்னா மிச்ச நாலுக்கும் ஆளுக்கு 12 ஆம்பியர், வரம்பைத் தாண்டியாச்சு. பெரும்பாலான கார்டுகள்ல ஆறு பின்னும் உள்ள போனதும் ஒரே தடமா சேர்ந்துடறதால, எந்தப் பின்ல எவ்வளவு ஓடுதுன்னு கார்டுக்கே தெரியாது. அதனால அது ரீஸ்டார்ட் ஆகி உங்களை எச்சரிக்காது, உருகும் வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். இந்த வடிவமைப்பு எனக்குப் பிடிக்கல, வெளிப்படையாவே சொல்றேன். இவ்வளவு கரண்டுக்கு இவ்வளவு சின்ன பின் கொடுத்துட்டு, பொறுப்பை மாட்டுறவர் விரல் மேல போட்டது சரியில்ல.

2022 அக்டோபர்ல ஆர்டிஎக்ஸ் 4090 வந்த பிறகு உருகின புகார்கள் வந்தப்போ, என்விடியா நவம்பர்ல வெளியிட்ட விளக்கத்துல, உலகம் முழுக்க சுமார் 50 புகார், முழுசா உள்ள போகாத கனெக்டர் பொதுவான காரணமா தெரியுதுன்னு சொன்னாங்க. 2023-ல 12வி-2x6-ங்கிற புது பேர்ல அந்த 16 பின் சாக்கெட்டைத் திருத்தினாங்க: உணர்வுப் பின்கள் நாலையும் 1.5 மி.மீ. குட்டையாக்கி, பவர் பின்களை 0.25 மி.மீ. நீட்டினாங்க. கனெக்டர் முழுசா போகலன்னா உணர்வுப் பின் தொடாது, கார்டு பவர் எடுக்காது. நல்ல திருத்தம்தான். ஆனா அது ஆழத்தை மட்டும் காக்குது. ஒரு பின் லூஸா இருக்கிறதைக் காக்காது.

வாங்கினா இப்படிச் செய்யுங்க. கார்டைக் கேபினெட்டுல போடுறதுக்கு முன்னாடி, மேசை மேல வெச்சு ஒரு தடவை கனெக்டரை மாட்டி, முழுசா போனா எப்படித் தெரியுதுன்னு கண்ணுக்குப் பழக்குங்க. இடைவெளி துளியும் தெரியக்கூடாது. கனெக்டர்ல இருந்து 35 மி.மீ. வரைக்கும் கேபிள் நேரா போகணும், அதுக்கப்புறம்தான் வளைவு. கண்ணாடிக் கதவு கேபிளை அமுக்குதான்னு பாருங்க, அமுக்கினா கேபினெட் அகலம் பத்தலன்னு அர்த்தம். கழட்டி மாட்டுறதுக்கும் கணக்கு உண்டு, 30 தடவைதான். அதனால தினமும் கழட்டி "சரியா இருக்கா"ன்னு பார்க்காதீங்க.

#21 பாலைக்காற்று

லூஸான கனெக்டர்ல டபிள்யுடி-40 அடிச்சா சரியாகும், இல்ல பசை போட்டு நிறுத்தலாம்னு ஒரு வீடியோல பார்த்தேன்.

#22 செம்புக்கம்பி

ரெண்டும் வேண்டாம். அந்த எண்ணெய் தூசியைப் பிடிச்சு வைக்கும், தளர்ந்த ஸ்பிரிங்கை இறுக்காது. உப்புத்தாளும் கூடாது, பின் மேல இருக்கிற மெல்லிய வெள்ளீயப் பூச்சு போயிடும், அடியில இருக்கிற பித்தளை கறுக்கும். பசை போட்டா அடுத்த தடவை கழட்டும்போது சாக்கெட்டே போர்டோட பெயர்ந்து வரும். அழுக்கு இருந்தா, கரண்ட் இல்லாதப்போ எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடிச்சு முழுசா காயவிட்டு மாட்டுங்க.

#23 கரிசல்காடு

அதே மாடல் 24 பின் கேபிள் வந்துடுச்சு. இதுவும் 20+4 தான். மாட்டின முறை: கேபினெட்டைப் படுக்க வெச்சு, +4-ஐ 20-ஓட வரப்புல கோத்து, ரெண்டும் சமமா இருக்கான்னு மேசை விளிம்புல தட்டிப் பார்த்தேன். இடது கை விரல் ரெண்டை போர்டோட வலது ஓரத்துக்கு அடியில முட்டுக் கொடுத்து, வலது கை கட்டைவிரலால கனெக்டரோட நீளம் முழுக்க, முதல்ல +4 முனை, அப்புறம் மேல் முனைன்னு மாத்தி மாத்தி அமுக்கினேன். கொக்கி விழுந்த பிறகும் +4 பக்கம் இன்னொரு அமுக்கு கொடுத்தப்போ கொஞ்சம் இறங்குச்சு.

ஓசிசிடி ஒரு மணி நேரம் ஓடும்போது: கம்பிப் பக்கம் 12.06, ஸ்ப்ளிட்டர்ல 12.02, நடுவுல நேரா 0.03. கனெக்டர் ரெண்டு முனையும் ஒரே சூடு. ரீஸ்டார்ட் இல்ல.

ஒரு கேள்வி மட்டும். கேபிள் கேபினெட் ஓட்டையில இருந்து வந்த உடனே திரும்புறதால +4 பக்கத்தை லேசா வெளிய இழுக்குற மாதிரி தெரியுது. அது பரவாயில்லையா?

#24 செம்புக்கம்பி

பரவாயில்லைன்னு விட வேண்டாம், முதல் கேபிள்லயும் அந்த இழுப்புதான் துண்டைச் சாய்ச்சிருக்கும். பின்பக்கக் கதவைத் திறந்து, கேபிளைக் கட்டியிருக்கிற டையை வெட்டி, ரெண்டு மூணு சென்டிமீட்டர் முன்பக்கம் தள்ளி விட்டு, அப்புறம் கட்டுங்க. கனெக்டரை விட்டு வெளிய வந்ததும் கம்பிகள் தளர்வா ஒரு வில் மாதிரி வளையணும். கட்டி முடிச்சதும் அந்த இடைவெளியை டார்ச் வெச்சு இன்னொரு படம் எடுத்துப் போடுங்க.

#25 கரிசல்காடு

தளர்த்திட்டேன். +4 முனையிலயும் மேல் முனையிலயும் இடைவெளி தெரியல. ஸ்ப்ளிட்டர்ல இப்பவும் 12.02.